மன்மதனின் சாம்பலும் எங்கள் அத்தையும்

எங்கள் நைனாவின் விரல்களில் வருஷத்தில் பதினோரு மாதம் மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். மயிலாப்பூரில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை அவருக்கு. நாள் முழுவதும் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துவிட்டு, விரலில் அப்பிய கறுப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். சோறு பிசைந்து எனக்கு ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தால், குழம்பின் மணத்துக்கு அடியில் அந்த வாசனையும் இருக்கும். மாசி மாதத்தில் மட்டும் அதற்கு மேலே இன்னொரு வாடை ஏறிக்கொள்ளும். வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் காய்ச்சிய ஆட்டுத்தோலின் வாடை. அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் காமன் பண்டிகை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

மந்தைவெளி அந்த நாளில் பெயருக்கு ஏற்றபடி மந்தை மேய்கிற வெளியாகத்தான் பாதிக்கு மேல் இருந்தது. அதன் நடுவில் ஒரு திடல். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் அங்கே கரும்பும் ஆமணக்குச் செடியும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் கட்டிக் காமன் கம்பம் நடுவார்கள். பௌர்ணமி அன்று கொளுத்துவார்கள். தவத்தில் இருந்த சிவன்மேல் மன்மதன் மலர் அம்பு விட்டதும், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும், ரதி அழுது மன்றாடியதும், 'உன் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான்' என்று சிவன் வரம் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அந்தக் கதையை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் ஊரே ஆடும், பாடும்.

பகலில் ஆட்டம். உடம்பெல்லாம் பச்சை பூசிக்கொண்டு, காகிதக் கிளியும் கரும்பு வில்லுமாக மன்மதன் வருவார். அடையாற்றுப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்த ஒருவர்தான் வருஷா வருஷம் ரதி. மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடுவார்; அதையே ரதியின் நாணம் என்று சொல்லிப் பெண்கள் ரசிப்பார்கள். சலங்கைச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பட்டினப்பாக்கத்து மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்மி தட்டுவார்கள். ஏரியைத் தூர்த்துப் புதிதாகத் தெருப் போட்டுக்கொண்டிருந்த மாம்பலத்திலிருந்துகூடக் கொத்து வேலைக்காரர்கள் கூட்டமாக நடந்து வந்து பார்ப்பார்கள்.

ஆனால் பண்டிகையின் உயிர் ஆட்டத்தில் இல்லை, லாவணியில் இருந்தது. கம்பம் கொளுத்துவதற்கு முந்தின நாள், விளக்கு வைத்ததும் திடலில் இரண்டு கூட்டம் எதிரெதிரே உட்காரும். ஒன்று 'எரிஞ்ச கட்சி'. மன்மதன் எரிந்து சாம்பலானான் என்று பாடுவது அவர்கள் வேலை. மற்றது 'எரியாத கட்சி'. மன்மதனை யாராலும் எரிக்க முடியாது என்று மறுத்துப் பாடுவது இவர்கள் வேலை. கையில் 'டேப்பு', ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டிய அகலமான வட்டப் பறை அது. ஒரு கட்சி பாட்டிலேயே கேள்வி போட வேண்டும். மற்றது பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். டேப்பு மூன்று சுற்று வாசித்து முடிவதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி. மூன்று வருஷம் தொடர்ந்து தோற்ற கட்சியின் தலைவர் தம் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்; மறுபடி சபையில் உட்காரக் கூடாது.

தெருவே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் எரிஞ்ச கட்சிப் பெண் எரியாத கட்சிப் பெண்ணுக்குப் பலப்பம் கொடுக்க மாட்டாள். சாந்தோமிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் சூசையம்மாள் மாதா கோயில்காரி. அவளும் சும்மா இருக்க மாட்டாள். "எங்க வேதத்துல இவரு இல்ல. ஆனா நா எரிஞ்ச கட்சிதான், எரிஞ்சாத்தான் மீனு வறுபடும்" என்று சொல்லிவிட்டுச் சுறாத் துண்டைத் தட்டில் போடுவாள். எங்கள் அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா, அடுப்பு எரிஞ்சா சோறு" என்பது அம்மாவின் சித்தாந்தம்.

எரியாத கட்சிக்குத் தலைவர் எங்கள் நைனா, அச்சாபீஸ் வரதராசு. எரிஞ்ச கட்சிக்குத் தலைவர் கால்வாய்க் கரையில் விறகுத் தொட்டி வைத்திருந்த நாய்க்கர். படகில் வந்திறங்கும் சவுக்குக் கட்டைகளை எடைபோட்டு விற்கிறவர் வேறு எந்தக் கட்சியில்தான் இருக்க முடியும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கனத்த உடம்பு, கனத்த குரல். நான் விறகு வாங்கப் போனால், "எரியாத கட்சிக்கு வெறகு எதுக்கு, பச்சையாத் தின்னேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டை கூடுதலாகப் போடுவார்.

நைனாவுக்குத் தங்கை ஒருத்தி, தாயாரம்மா. 'தாயாரு' என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அத்தைக்குப் பதினெட்டு இருக்கும். ஊருக்கெல்லாம் அழகழகாக எழுத்துக் கோத்துக் கொடுத்த நைனாவின் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். அதனால் அவர் பாடப் பாட, அத்தைதான் நோட்டில் எழுதிவைப்பாள். எழுதும்போதே, "அண்ணே, இந்த எடத்துல சந்தம் நொண்டுது" என்று ஒரு சொல்லை மாற்றிக் கொடுப்பாள். பழகுவதற்கு எதிராளி வேண்டுமே, அதற்கும் அத்தைதான். மாலையில் அவள் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே எரிஞ்ச கட்சியாக மாறி மடக்குவாள்; நைனா டேப்பைத் தட்டிக்கொண்டு பதில் தேடுவார். அரைப்பு முடிவதற்குள் அவருக்குப் பதில் வராத நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் அவர் சாப்பிட உட்காரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் சொல்ல வந்த வருஷத்துத் தை மாதத்தில் அத்தைக்கு ஓர் இடம் வந்தது. பையன் டிராம் வண்டியில் கண்டக்டர், ஏகாம்பரம் என்று பெயர், நல்ல சுபாவம். லஸ் முனையில் ஏறின எங்களுக்கு ஒரு தடவை டிக்கெட் கொடுத்தவர் அத்தையைப் பார்த்ததும் டிக்கெட்டில் ஓட்டை போட மறந்துபோனார் என்பதற்கு நானே சாட்சி. எல்லாம் பொருத்தம்தான். ஒரே ஒரு சங்கதி, ஏகாம்பரம் விறகுத் தொட்டி நாய்க்கரின் மூத்த மகன். நைனா இரண்டு நாள் பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் நாள் நாய்க்கரே வந்து, "பாட்டு வேற, பொண்ணு வேற, வரதராசு" என்றதும் மனசு இளகிச் சம்மதித்தார். பங்குனியில் பரிசம், சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நடுவில் மாசி ஒன்று இருக்கிறது என்பது அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் நாய்க்கர் தோற்றிருந்தார். மரத்தூள் நெஞ்சில் சேர்ந்து இருமல் கண்டு, குரலும் பழைய குரலாக இல்லை. இந்தத் தடவையும் தோற்றால் இருபது வருஷமாகத் தட்டின டேப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். கம்பம் நட்ட நாலாம் நாள் அவருடைய சம்சாரம் ஒரு முறம் முருங்கைக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய் விலையில் தொடங்கி, கடல் காற்றில் கொஞ்சம் போய், கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க வூட்டுக்காரரு ஒரு கேள்விய வுட்டுக் குடுத்தா இன்னாம்மா கொறஞ்சிடும்? எங்க வூட்ல அந்த மனுசனுக்குச் சோறே எறங்கல. சபையில டேப்பக் கவுத்துட்டு வந்த கையோட பரிசம் போட வர்றது நல்லாவா கீது? சகுனம்னு ஒண்ணு கீதே."

அம்மா அன்று மாலை நைனாவிடம் பக்குவமாகத்தான் சொன்னாள். அவர் கையலம்பிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்தார். "தெரிஞ்சே தோத்துக் குடுத்தா அதுக்குப் பேரு பாட்டு இல்ல, பிச்சை. நாய்க்கரு பிச்சை வாங்கற ஆளு இல்ல. அவுரு அப்பிடிப்பட்ட ஆளா இல்லாததாலதான் நா பொண்ணே குடுக்கறேன்" என்றார்.

மறுநாள் நாய்க்கருக்குத் தம் சம்சாரம் போய்வந்தது தெரிந்துவிட்டது. நேரே அச்சாபீஸ் வாசலுக்குப் போய் நைனாவை வெளியே கூப்பிட்டிருக்கிறார். "எங்க வூட்ல வந்து இன்னா சொல்லிச்சோ அத மறந்துடு. நீ ஒரு சொல்லு கொறச்சுப் பாடினேன்னு எனக்குத் தோணிச்சுன்னா, இந்தக் கல்யாணம் இல்ல. சொல்லிட்டேன்" என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, நைனா நன்றாகப் பாடி ஜெயித்தால் சம்பந்தியம்மாளுக்குச் சகுனம் ஆகாது. மட்டமாகப் பாடித் தோற்றால் சம்பந்திக்கு மானம் ஆகாது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தை முதலில் சிரித்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய், கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்த என்னிடம், "ரெண்டு பேரும் நல்லவங்களா பூட்டாங்க, அதான் கஷ்டம்" என்றாள். அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் எதிர்ப்பாட்டுப் பாடவே இல்லை, நைனாவும் கேட்கவில்லை.

லாவணி நாள் வந்தது. வெயில் தாழ்வதற்கு முன்பே திடல் நிரம்பிவிட்டது. இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள், நடுவில் ஒரு ஜமக்காளம். கயிறு கட்டித் தடுத்த இடத்தில் பெண்கள். அம்மா, அத்தை, நான் ஒரு பக்கம். நாய்க்கரின் சம்சாரம் எங்களைப் பார்க்காததுபோல இன்னொரு பக்கம். மத்தியஸ்தராக உட்கார்ந்தவர் ஒரு தமிழ் வாத்தியார். எல்லோரும் 'புலவரய்யா' என்பார்கள். அந்த வருஷம் ஊரில் சுதேசிப் பாட்டுகள் பரவிக்கொண்டிருந்ததால், அப்படி ஏதாவது பாடுகிறார்களா என்று கவனிக்க ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார். ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. முதல் பாட்டு முடிவதற்குள் அவரே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

நாய்க்கர்தான் தொடங்கினார். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பு வாசித்தார்.

*நெத்திக்கண் தெறந்தது பொய்யா – அந்த*
*நெருப்புல விழுந்தது பொய்யா*
*சுத்தியும் காடே வெந்துபோச்சே – உங்க*
*சுந்தரன் தப்பினது மெய்யா?*

குரல் கரகரத்தாலும் கம்பீரம் குறையவில்லை. நைனா கொஞ்சமும் தாமதிக்காமல் எழுந்து டேப்பைத் தோளுக்கு உயர்த்தினார்.

*எரிஞ்சவன் எப்பிடி வந்தான் – அட*
*எந்தச் சந்துல நொழஞ்சான்*
*தெரிஞ்சவர் நாய்க்கரே, ஏழு புள்ளைங்க – உம்ம*
*திண்டாட வெச்சது எவன்தான்?*

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நாய்க்கரின் ஏழு பிள்ளைகளில் மூத்தவரான ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். நாய்க்கரும் சிரித்துவிட்டார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இப்படியே கேள்வியும் பதிலுமாக வெகுநேரம் ஏறிக்கொண்டே போயிற்று. நைனா ஒரு சொல்லும் குறைத்துப் பாடவில்லை. பாடப்பாட நாய்க்கரின் குரல் தேய்ந்தது. தண்ணீர் குடித்துக் குடித்துப் பாடினார். எட்டரை மணி சுமாருக்கு நைனா தம் பெரிய கேள்வியைப் போட்டார்.

*எரிஞ்சது நெசமுன்னா சாம்பலு எங்கே – அத*
*எடுத்தது யாரு, கரைச்சது எங்கே?*

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். உடம்பு எரிந்தாலும் மிஞ்சும். மன்மதன் எரிந்திருந்தால் அந்தச் சாம்பல் எங்கே போயிற்று, எந்தப் புராணத்தில் இருக்கிறது? நாய்க்கர் கட்சியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏகாம்பரம் முதல் சுற்று வாசித்தார். நாய்க்கர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. முதல் சுற்று முடிந்தது. ஏகாம்பரம் இரண்டாம் சுற்றை எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்தார். நெற்றியிலிருந்து வியர்வை டேப்பின்மேல் சொட்டியது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா ஜெயிக்கப் போகிறவர்போல இல்லாமல் கல்லாக நின்றார்.

அப்போது என் பக்கத்தில் புடவை சரசரத்தது. அத்தை எழுந்து நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

*சாம்பலு எங்கேன்னு கேக்குற அண்ணே – அதச்*
*சந்தியில வந்து ரதி சொல்லுவாளா*
*கூம்பின கையோட நின்னவ தானே – அதக்*
*காத்துல போகத்தான் விட்டுடுவாளா*

*அள்ளி எடுத்தவ கண்ணீரு விட்டு*
*அரைச்சுக் கொழைச்சா மையாக – தன்*
*கண்ணுல தீட்டினா, கண்டா அவன – ரெண்டு*
*கட்சியும் ஆச்சுதே மெய்யாக*

ஏகாம்பரத்தின் கை டேப்பின்மேல் அப்படியே நின்றுவிட்டது. ரதிக்கு மட்டும் மன்மதன் ஏன் தெரிகிறான் என்று அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை. வரம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அவன் சாம்பலையே மையாக எழுதிக்கொண்டவள் கண்ணுக்கு அவன் தெரியாமல் வேறு யார் கண்ணுக்குத் தெரிவான்.  பெண்கள் பக்கமிருந்து குலவை கிளம்பியது. ஆண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. "பொம்பள எப்பிடிச் சபையில பாடலாம்" என்றார் ஒருவர். "பாடிட்டாளே, இனிமே இன்னா பண்றது" என்றார் இன்னொருவர்.

புலவரய்யா கையை உயர்த்தினார். "பாட்டில் பழுதில்லை. யார் பாடக்கூடாது என்று இந்தச் சபையில் சட்டமும் இல்லை. ஆனால் இந்தப் பதில் எந்தக் கட்சியின் பதில் என்று தெரிந்தாக வேண்டும்" என்றார்.

நைனா நிமிர்ந்தார். "எங்க வூட்டுப் பொண்ணு. எங்க கட்சி. எங்க கேள்விக்கு நாங்களே பதிலு சொன்னா அது அவுங்க பதிலாவுமா?"

நாய்க்கர் கட்சியில் ஒருவர் விடவில்லை. "பங்குனி பொறந்தா எங்க வூட்டுப் பொண்ணு."

"இன்னும் பங்குனி பொறக்கலியே" என்றார் நைனா.

திடலே சிரித்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து சூசையம்மாளின் குரல் மீன் விற்கிற உச்சத்தில் வந்தது. "ஆம்பளைங்களே கத்திகினு கீறீங்களே, அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேளுங்கய்யா."

புலவரய்யா அத்தையைக் கேட்டார். அத்தை கயிற்றை இன்னும் விடவில்லை. "அண்ணன் சொல்றதுதான் செரி. மாசி முடியற வரிக்கும் நான் அண்ணன் வூடு. கேள்வியும் எங்க வூட்டுது, பதிலும் எங்க வூட்டுது. மாமாவுக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி கீது. அவரு பாடட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். "காப்பாத்தறதுன்னா முழுசாக் காப்பாத்த வேண்டியதுதானேடி" என்று காதோடு சொன்னது எனக்கும் கேட்டது.

ஏகாம்பரம் மூன்றாம் சுற்றை ஆரம்பித்தார். நாய்க்கர் அத்தை உட்கார்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லப் பரவியது. விறகு பற்றிக்கொள்கிறபோது முதலில் ஓரத்தில் சிவக்குமே, அப்படி. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

*மையின்னு சொன்னது உங்கவூட்டு வாயி – அதுக்குச்*
*சாம்பலத் தந்தது எந்தவூட்டுத் தீயி?*
*பொய்யின்னு இனிமேலு சொல்லவும் போமோ – அட*
*பூட்டான் மன்மதன் எரிஞ்சுதான் போயி!*

குரல் பாதிதான் வந்தது. மீதியைக் கூட்டம் பாடியது. அத்தை எரியாத கட்சி என்று நைனாவே சபையறியச் சொல்லிவிட்டார். அந்தக் கட்சியின் வாயாலேயே சாம்பல் வந்துவிட்டது. சாம்பல் இருந்தால் தீயும் இருந்தது, எரிந்ததும் நிஜம். இல்லை, அவள் எங்கள் கட்சி இல்லை என்று இப்போது மாற்றிச் சொன்னால், அவள் சொன்ன பதில் நாய்க்கருடைய பதில் ஆகிவிடும். நைனா டேப்பை எடுத்தார், வாயைத் திறந்தார், மூடினார். ஒரு சுற்று போயிற்று. இரண்டாம் சுற்றும் போயிற்று. மூன்றாம் சுற்றின் நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்து அவர் அப்படிச் சிரித்து நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. "ரெண்டு பக்கமும் கதவ சாத்திட்டீங்களே நாய்க்கரே, நா எந்த வழியா வெளிய வர்றது" என்றார். கான்ஸ்டபிள் எழுந்து நின்று கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கைகால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய் போட்டுக்கொண்ட பிறகுதான், பரிமாறிக்கொண்டிருந்த அத்தையிடம், "தெரிஞ்சு பாடினியா, தெரியாம பாடினியா?" என்று கேட்டார். அத்தை இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்கினது நீங்க. பதிலு தெரிஞ்சும் சும்மா ஒக்காரு, அப்பிடின்னு சொல்லிக் குடுக்கலியே அண்ணே" என்றாள். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.  குழம்பு நன்றாயிருக்கிறது என்று மட்டும் நைனா சொன்னார்.

மறுநாள் கம்பம் எரிந்து அடங்கியதும் தெருப் பெண்களெல்லாம் ஓடிப்போய்ச் சாம்பலை எடுத்து எண்ணெயில் குழைத்துக் கண்ணில் தீட்டிக்கொண்டோம். ஆமணக்குச் சாம்பல். பாதிப் பேருக்குக் கண் சிவந்து நீர் கொட்டியது. மன்மதன் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அம்மாக்கள் விளக்குமாற்றோடு நின்றதுதான் தெரிந்தது. "எல்லாம் உங்க தாயாரு பண்ணின வேல" என்று எங்கள் அம்மாவிடம் நாலு வீட்டிலிருந்து சண்டைக்கு வந்தார்கள்.

பங்குனியில் பரிசம் போட வந்தபோது சம்பந்தியம்மாள் அத்தையின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கல்யாணத்துக்கு நைனா ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்த பிறகு அச்சாபீஸிலேயே தங்கி, அத்தையின் பாட்டைத் தம் கையாலேயே கோத்து, பூ ஓரம் போட்டு, ரோஸ் நிறக் காகிதத்தில் அடித்துக்கொண்டு வந்தார். அடியில் 'இயற்றியது: ஸ்ரீமதி தாயாரம்மாள்' என்று இருந்தது. அத்தை அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தன் பெயரை அச்சில் அவள் அன்றுதான் பார்த்தாள். நாய்க்கரும் ஒன்றை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டு, "ஏம்பா வரதராசு, என் பதிலு எங்க?" என்று கேட்டார். "எடம் பத்தல" என்றார் நைனா. அந்தச் சண்டை பந்தியில் பாயசம் வரும்வரை நடந்தது.

அதற்கு அடுத்த வருஷமும் நைனா ஜெயிக்கவில்லை. நோட்டு எழுதுகிற கை இப்போது விறகுத் தொட்டிக்குப் போய்விட்டதே. அவர் என்னை உட்காரவைத்து எழுதப் பழக்கிப் பார்த்தார். என் கையெழுத்து நன்றாயிருந்தது, காது போதவில்லை. பெண்கள் பக்கமிருந்து வருஷத்துக்கு ஒரு பாட்டு வரலாம் என்று புலவரய்யா வழக்கம் ஏற்படுத்தினார். அத்தை ஒரு தடவை கைக்குழந்தையோடு எழுந்து பாடினாள்; பாட்டின் நடுவில் குழந்தை வீறிட, "மன்மதன் எரியலன்றதுக்கு இதோ சாட்சி" என்று நைனா கத்த, அந்த வருஷம் யார் ஜெயித்தார்கள் என்பதே தெரியாமல் சபை கலைந்தது.

அத்தையும் ஏகாம்பரம் மாமாவும் நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தார்கள். டிராம் வண்டிகளை நிறுத்தின பிறகு மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலைக்குப் போனார். அந்தப் பள்ளிக்கூட மணியில் தாளம் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்களாம். இருவரும் இப்போது இல்லை.

திடலும் இல்லை. அது இருந்த இடத்தில் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன; எந்த வீட்டின் கூடத்தில் காமன் கம்பம் எரிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கால்வாயில் விறகுப் படகு வந்தது என்று சொன்னால், இப்போது அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கிறவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று மந்தைவெளியில் இப்போது யாருக்கும் கவலை இல்லை.

லாவணி என்ற சொல் மட்டும் பிழைத்திருக்கிறது, அதுவும் பத்திரிகைகளில். இரண்டு கட்சித் தலைவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டால் 'லாவணி பாடுகிறார்கள்' என்று எழுதுகிறார்கள். போன வாரமும் அப்படி ஒரு செய்தி வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி படித்தேன். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதாகவே தெரியவில்லை. எங்கள் திடலில், எதிராளியின் பாட்டு முடிவதற்கு முன்பு வாயைத் திறந்தவன் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் சேந்தி, தோளில் சுமந்து வந்து, எதிர்க்கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே குடிக்கக் கொடுக்க வேண்டும். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவர்கள் இரண்டு பேரும் கிணற்றடியை விட்டு வரவே முடியாது.